பேர் தைத்த குடை

போன வாரம் ஒரு குடை வீடு தேடி வந்தது. மகள் செல்போனில் வாங்கியது. கடல் தாண்டி இருக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் கடை முழுக்க அந்தச் சின்னத் திரைக்குள் இருக்கிறதாம். பஸ் ஏறிப் போய் விலை கேட்டுத் திரும்புகிற செலவுக்குக் குடையே கிடைத்துவிடுகிறது. பார்சலைப் பிரித்ததும் ஒரு நெடி வந்தது. புது நைலானும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன். அந்த நெடிக்கும் எனக்கும் பழைய பகை.

கல்யாணத்துக்கு முந்தி நாலு வருஷம் கம்பத்தில் ஒரு குடைக் கடையில் வேலை பார்த்தேன். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ். கடைக்காரர் சிக்கந்தர் அண்ணன் அதட்டத் தெரியாத மனிதர். ஒரு குடையை விற்பதற்குள் பத்துத் தடவை விரித்துப் பார்ப்பார். என் வேலை பேர் தைப்பது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் வேலை.

கம்பத்திலிருந்து காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். குடைகளைத் தோட்டத்துக் கொட்டகையில் சாய்த்துவிட்டு வேலைக்கு இறங்கினால், சாயங்காலம் எது யாருடையது என்று சண்டை வரும். எல்லாம் கறுப்புக் குடை. அதனால் எங்கள் கடையில், குடைத் துணியின் ஓர மடிப்பில், வாங்குகிறவர் பேரை நூலால் தைத்துக் கொடுப்போம். ஒரே பேரில் பல பேர் இருந்தால் நூலின் நிறம் மாறும். பேச்சியம்மாள்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. மஞ்சள் நூல் பேச்சி, பச்சை நூல் பேச்சி, புதுப்பட்டியிலிருந்து வரும் சிவப்பு நூல் பேச்சி. இந்தச் சிவப்பு நூல்காரி மட்டும் பேருக்குப் பக்கத்தில் ஒரு மாங்காயும் கேட்பாள். நானும் தைத்துக் கொடுப்பேன். என் மாங்காய் முந்திரிக்கொட்டை மாதிரி இருக்கும். அவள் குறை சொன்னதில்லை.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பஸ் ஏற வருகிறவர்கள், போகிற போக்கில் கடைக்குள் தலையை நீட்டிப் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். முன்பணம் கிடையாது. மழை தொடங்குவதற்கு முன்னால், வைகாசிக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு வருஷ வியாபாரமே அந்தச் சில நாட்கள்தான். மிச்ச மாதங்களில் நானும் அண்ணனும் ஈ ஓட்டுவோம். அதைக்கூட நான் ரசித்துத்தான் செய்தேன்.

என்னுடைய கடைசி வருஷம் திருவிழாவில் ஒரு வேன் நின்றது. உள்ளே மூன்றாக மடங்கும் சீனக் குடைகள், பூப்போட்டது, கோடு போட்டது. கிட்டே போனாலே இதே நைலான், மண்ணெண்ணெய் நெடி. எங்கள் குடை ஒன்றின் விலைக்கு அதில் மூன்று கிடைத்தது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்தத் தடவை ஆட்கள் வந்த பிறகு தைக்கலாம், பொறு என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேர் சொன்னவர்கள் வராமல் போவார்களா என்று கேட்டு, உட்கார்ந்து அத்தனை பேரையும் தைத்து முடித்தேன். அவரும் தடுக்கவில்லை. என்னைத் தடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

வைகாசி முடிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பேர் தைத்த குடைகள் கடை முழுக்கத் தொங்கின, வந்து வாங்கியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. வேன் கம்பத்துக்கே வந்து பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. வேறு யாருக்காவது விற்கலாம் என்று ஒரு குடையில் நூலைப் பிரித்துப் பார்த்தேன். நூல் வந்துவிட்டது. ஊசித் துளைகள் வரிசையாக நின்று அதே பேரைக் காட்டின. அடுத்தவர் பேர் உள்ள குடையை யார் பிடிப்பார்கள்? அந்தக் குடைகள் விற்காமல் போனால் கடை போயிற்று என்று எனக்குத் தெரியும். போக வைத்தது என் ஊசி. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் குடைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனோம். எங்களைக் கண்டதும் பெண்கள் பூப்போட்ட குடைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். அடைமழையில் நனைந்துகொண்டு குடையை மறைத்தவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. சிவப்பு நூல் பேச்சி மட்டும் மறைக்கவில்லை. நேரே அண்ணனிடம் வந்தாள்.

"ஒங்க குடை நல்ல குடைண்ணே, எனக்குத் தெரியாதா? ஆனா அது ஒண்ணு. வேன்ல மூணு வாங்கிட்டேன். பிள்ளைக ரெண்டும் இந்த வருசந்தான் நனையாமப் பள்ளிக்கூடம் போகுதுக."

அண்ணன் தோளிலிருந்த குடைக் கட்டைக் கீழே இறக்கினார்.

"நனையாமப் போகட்டும் ஆத்தா," என்றார்.

அவள் பேர் தைத்த குடையை எடுத்து, காசு வேண்டாம், வைத்துக்கொள் என்று நீட்டினார். சும்மா வாங்க மாட்டேன், அடுத்த வருஷம் காசோடு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். திரும்பும்போது, தப்பு என்னுடையதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். பேர் சொன்னார்கள், தைத்தோம், அதில் தப்பென்ன என்றார்.

அடுத்த வருஷம் குடைக் கடை இல்லை. அண்ணன் அதே இடத்தில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்றார். இப்போது அவையும் செல்போனுக்குள்ளேயே கிடைக்கின்றன. அவர் கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகக் கேள்வி. என் கல்யாணத்துக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது அந்தச் சிவப்பு நூல் குடை. "இது ஒனக்கில்ல. அவுக வந்து கேட்டா குடுத்துரு," என்றார். பேச்சியை நான் அப்புறம் பார்க்கவேயில்லை. கம்பம் போகும்போதெல்லாம் அந்தக் குடையைக் கையில் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். எவ்வளவு மழை பெய்தாலும் விரித்ததில்லை. பைத்தியக்காரத்தனம்தான்.

பார்சலில் வந்த குடைக்கு நேற்று மழையில் கம்பி திருகிக்கொண்டது. மகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய குடையை எடுத்தாள். மாங்காயைத் தடவிப் பார்த்து, முந்திரிக்கொட்டையா என்று கேட்டாள்.

"அத எடுக்காத. அது வேற ஆளுக்குத் தச்சது. வந்து வாங்கிக்குவாக," என்றேன்.

"கடையே இல்லையேம்மா. எங்கன வருவாக?" என்றாள்.

குடையை வாங்கி ஆணியில் மாட்டினேன். அவள் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.