அவளா, அவரா?

மறைந்த அம்மாவைப் பற்றி மகன் ஒரு மெலிந்த புத்தகம் எழுதினான். அம்மாவிடம் வண்டி ஓட்டக் கற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுக்க நினைத்திருந்தான். முதல் தாளைப் பார்த்ததுமே அச்சகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"புரூஃப் யாரு பார்த்தது?"

"எங்க அக்கா."

அக்கா பார்த்த லட்சணம் அவனுக்கே தெரியும். இரண்டாம் பக்கத்தில் மூக்கைச் சிந்த ஆரம்பித்தவள், "ஒரு பிழைகூட இல்லடா" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் வரியோ, 'அம்மா இந்த ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கெடுத்தாள்' என்று இருந்தது. கொடுத்தாள் என்பதில் ஒரு கால் விழுந்துபோயிருந்தது.

"வீட்டுல இருந்தே பார்க்கிறவங்க ஒருத்தங்க இருக்காங்க. கொஞ்சம் கறார். பரவாயில்லையா?"

"எங்கம்மாவைவிடவா?" என்று முகவரியை வாங்கிக்கொண்டான்.

திருத்துபவருக்குச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மேசைக்கடியில் அவருடைய குட்டிப் பெண் எதையோ அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ரெண்டு பக்கம் பார்த்துத் தரேன். பிடிச்சா மீதியைக் கொடுங்க. சந்தேகம் வந்தா ஓரத்துல கேள்விக்குறி போடுவேன். நானா எதையும் மாத்த மாட்டேன்."

"எழுத்துப் பிழை மட்டும் பார்த்தா போதும். விஷயம் எனக்குத் தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் திருத்துபவர்.

இரண்டு பக்கம் பிடித்திருந்தது. மீதியையும் கொடுத்தான்.

பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அம்மாவின் வலது கால் எப்போதும் அதன்மேல் இருக்கும். அதனாலேயே ஊரில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். வீட்டில் அவள் மறதியின் மொத்த உருவம். ஜோடி மாறிய செருப்போடு கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று கேட்க வீட்டுக்குத் திரும்பி வருவாள். வண்டிக் கதவைச் சாத்திவிட்டால் மட்டும் வேறு ஆள்.

அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் நாள், கதவைச் சாத்திக்கொண்டு அம்மா சொன்னார்: "வண்டிக்குள்ள நான் உங்களுக்கு அம்மா இல்லை. நீங்கன்னு கூப்பிடணும்."

"சரிங்க," என்றவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறவங்க இறங்கி நடக்கலாம்," என்றார். அன்று அவன் நடந்துதான் வீட்டுக்கு வந்தான். அதற்குள் வீட்டில் அம்மா, "எங்கடா சுத்திட்டு வரே?" என்று கேட்டாள்.

ஒருவர் தேறிவிட்டார் என்பதை அம்மா வாயால் சொன்னதே இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, இருக்கையில் சம்மணம் போட்டுக்கொள்வார். அதற்குமேல் பட்டம் கிடையாது. அவனுக்கு அது ஒரு மேட்டில், முன்னே ஒரு லாரி பின்னுக்கு உருளும்போது கிடைத்தது. அவன் வியர்க்க விறுவிறுக்க வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அம்மா சம்மணம் போட்டிருந்தாள்.

"என்னடா, பசிக்குதா?" என்றாள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. திருத்துபவர் கூப்பிட்டனுப்பியபோது, பிழைகள் நிறைய போல என்று நினைத்துக்கொண்டு போனான்.

"சார், உங்கம்மா சில இடத்துல 'சொன்னாள்'. சில இடத்துல 'சொன்னார்'. ஒரே சீரா இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் 'ஆள்' போட்டுக் குறிச்சுட்டு வந்தேன். பாதியில கை நின்னுபோச்சு. குறிச்சதையெல்லாம் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"கதவு சாத்தினா 'ஆர்'. பாடம் முடிஞ்சா 'ஆள்'. ஒரு இடத்துலகூடத் தப்பலை. நீங்களே பாருங்க."

பார்த்தான். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது அவன் வேலை. இப்படியொரு துல்லியம் இந்தத் தாள்களுக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"இதை நான் யோசிச்சுப் பண்ணலை."

"தெரியும். யோசிச்சிருந்தா எங்கயாவது தப்பியிருக்கும்." திருத்துபவர் கடைசித் தாளை எடுத்தார். "இங்கதான் இடிக்குது. ஆஸ்பத்திரி. வண்டியே இல்லை, முழுக்க 'ஆர்' போட்டிருக்கீங்க. கடைசி வரி முடியவும் இல்லை. 'அன்று மதியம் அம்மா கட்டில் சட்டத்திலிருந்து காலை' அப்படின்னு நிக்குது. எடுத்தாளா, எடுத்தாரா? அதை நான் போட முடியாது."

அந்த வரியோடு அவன் பல வாரம் மல்லுக்கட்டியிருந்தான். எதைப் போட்டாலும் பொய்யாகத் தெரிந்தது. அதை முடிக்காமல் புத்தகம் அச்சுக்குப் போகாது.

"நினைவே இல்லாம கிடந்தாங்க," என்றான். "வலது கால் மட்டும் கட்டில் சட்டத்தை மிதிச்சுக்கிட்டே இருந்தது. டாக்டர் அதெல்லாம் நரம்பு இழுப்புன்னார். இருக்கலாம். ஆனா அந்த மிதி எனக்குத் தெரியும். மெதுவா, வழுக்காம, கடைசியில ஒரு அழுத்து. அவங்களுக்குள்ள யாரோ வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. யாருன்னு எனக்குத் தெரியலை. அம்மா பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தாங்க."

மேசைக்கடியில் சத்தம் நின்றது.

"அப்புறம்?"

"அன்னிக்கு மதியம் காலை எடுத்தாங்க. முழங்காலை மடிச்சாங்க. கையைத் தூக்கவே தெம்பில்லாத உடம்பு. ரெண்டு காலையும் மடிச்சாங்க. நான் குனிஞ்சு வாய்கிட்ட காதை வெச்சேன். 'என்னடா, பசிக்குதா'ன்னு கேப்பான்னு பார்த்தேன்."

திருத்துபவர் தலை நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"பசிக்குதான்னு..."

"அது இல்லை. இவ்வளவு நேரம் 'எடுத்தாங்க, மடிச்சாங்க'ன்னு சொன்னீங்க. இப்ப 'கேப்பா'ன்னு சொன்னீங்க."

அவன் குனிந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தான். திருத்துபவர் பென்சிலை அவன் பக்கம் உருட்டிவிட்டார்.

'எடுத்தாள்' என்று எழுதினான். அவசரத்தில் கடைசி எழுத்தின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தது. திருத்துபவர் தாளைத் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் இருந்த கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். பிறகு, பிறந்த குழந்தையின் தலையைத் தொடுவதுபோல, அந்தப் புள்ளியை அதன் இடத்தில் வைத்தார்.