மாதா கார்டு நின்ற இடம்

கார்டுக் கட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு சின்னச் சிலுவை இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. அக்கா கை பட்ட கட்டு என்பதற்கு அதுதான் அடையாளம். எழுபதுகளின் கடைசியில், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் டேப் மாட்டுகிற வேலை எனக்கு. அடுத்த அறையில், கார்டுகளில் துளை போடும் மெஷினில் அக்கா உட்கார்ந்திருப்பார். கூடப் பிறந்தவர் இல்லை. ராயபுரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எல்லோருக்குமே அக்கா. காலையில் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். நான் அம்மன் கோவில் குங்குமத்தோடு போவேன். "இன்னா தம்பி, உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே பஸ்லதான் வந்தாங்களா?" என்று சிரிப்பார்.

கம்ப்யூட்டர் மெஷினுக்கு எல்லாவற்றையும் நாம் சொல்லித்தர வேண்டும். ஷிப்டுப் பட்டியல் போடுகிற புரோகிராம் பல துண்டுகளாக டேப்புகளில் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் எந்த டேப்பில் முதலில் தேட வேண்டும், அதில் இல்லாவிட்டால் அடுத்து எதில் என்று, டேப்புக்கு ஒரு கார்டாக வரிசைப்படுத்திக் கட்டின் முன்னால் வைப்போம். கேட்ட பெயரில் முதலில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு மெஷின் போய்விடும். அதே பெயரில் இதைவிட நல்லது அடுத்த டேப்பில் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

எங்களிடம் இருந்தது இரண்டு டேப். சோதித்து முடித்த துண்டுகள் இருந்ததற்கு 'பொது' என்று பெயர். இன்னொன்றில் புரோகிராமர் சார் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்த அரைகுறைத் துண்டுகள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சார் கேட்டபோது அக்காதான், "மாதான்னு வெய்ங்க சார், நல்லா வரும்" என்றார். அப்படியே வைத்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் யார் எங்கே ஏறுவது என்று போடுகிற துண்டு மட்டும் அந்த டேப்பில்தான் இருந்தது. அதனால் பொது முதலில், மாதா பின்னால் என்பது ஏற்பாடு.

அக்காவுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே தம்பி. எங்கள் தொழிற்சாலையிலேயே உலையடியில் வேலை பார்த்தான். அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா கப்பலில் வேலை செய்பவர். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் கப்பல் ஏற வேண்டும், ஏறினால் திரும்ப ஒரு வருஷம் ஆகும். தவிரவும், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் அவர்கள் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை. குறித்திருந்த புதன்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலையும் வாசித்தாகிவிட்டது. தம்பியும் நல்ல பிள்ளையாக லீவுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தான்.

அதற்கு முந்தின வாரக் கடைசியில் பட்டியலை ஒட்டினார்கள். புதன்கிழமை தம்பிக்குக் காலை ஷிப்டு. உலையடியை ஆளில்லாமல் விட முடியாது, மாற்று ஆளைப் போடுவதும் அதே பட்டியல்தான். போர்மேன் கையை விரித்துவிட்டார். "மெஷின் போட்டது. வேற பட்டியல் வந்தா மாத்திக்கிறேன்" என்றாராம். கூட வேலை செய்கிறவன் ஒருவன், "இன்னா மாமு, கோட்டு மேல காக்கியா, காக்கி மேல கோட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். பையன் கண் சிவந்து எங்கள் அறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னாக்கா, உன் மெஷினு எனுக்குன்னு பாத்து இப்டி பண்ணிக்கிது? அவங்க நைனா கப்பல் ஏறிட்டா யாரு வந்து பொண்ணக் குடுப்பா?"

"அழுவாத. மாதா பாத்துப்பாங்க" என்றார் அக்கா. கை ஜெபமாலையைத் தேடியது.

நான் பட்டியலை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். லீவு கேட்டிருந்த ஒருத்தருக்கும் லீவு விழவில்லை. கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினார். முதலில் மாதா கார்டு, அதன் பின்னால் பொது. மாதா டேப்பிலும் அதே பெயரில் ஒரு ஷிப்டுத் துண்டு இருந்தது. லீவைப் பார்க்கிற பகுதியை சார் அதில் இன்னும் எழுதியிருக்கவில்லை. முன்னால் நின்றதால் மெஷின் அதையே எடுத்துக்கொண்டுவிட்டது.

"யாருப்பா வரிசைய மாத்தினது?" என்றார் சார்.

கட்டின் ஓரத்தில் அந்தப் பென்சில் சிலுவை இருந்தது. யார் என்று தெரியும், ஏன் என்றும் தெரியும். என் வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்டினால் பிள்ளையாரை நான் இரண்டாவதாக மாட்டுவேனா?

பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் சார். ஓரம் கிழிஞ்சிகினு இருந்துச்சின்னு ரெண்டு கார்டையும் புதுசா அடிச்சேன். மாதாவப் பின்னாடி நிக்க வெக்க மனசு வரல." அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆசையாகத் தான் முன்னால் வைத்ததே தம்பி கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டது என்று அந்த நிமிஷம்தான் அவருக்குப் புரிந்திருக்கும்.

சார் திட்டவில்லை. "இது மரியாதை வரிசை இல்லம்மா, தேடுற வரிசை. முன்னாடி இருக்கிறவங்ககிட்ட இல்லாதது எதுவோ, அதைக் கொடுக்கத்தான் கடைசியில மாதா" என்றார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் சார் சரி. பைபிள்ல வர்ற கானாவூர் கல்யாணத்துல மாதா முன்வரிசைலயா குந்திக்கினு இருந்தாங்க? வேலக்காரங்களாண்ட நின்னு இன்னா பத்தலன்னு பாத்துக்கினு இருந்தாங்க. எனுக்குத்தான் புத்தி போவல" என்றார். தன் கையாலேயே மாதா கார்டை எடுத்துப் பொதுவுக்குப் பின்னால் வைத்தார்.

சாயங்காலத்துக்குள் புதுப் பட்டியல் வந்தது. தம்பிக்கு லீவு. அவனுக்குப் பதிலாக உலையடியில் விழுந்தது கோட்டு, காக்கி என்று கேலி செய்தவனின் பெயர். "இன்னா மாமு, உன் கல்யாணத்துக்கு நான் வேவணுமா?" என்று அவன் கத்தினது கான்டீன் வரை கேட்டது.

இப்போது என் மகள் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறாள். கார்டும் இல்லை, டேப்பும் இல்லை. ஆனாலும் எங்கே முதலில் தேடுவது என்கிற வரிசை இருக்கிறதாம். தேவையில்லாத இடம் ஒன்று முன்னால் நின்று ஒரு நாள் முழுக்க அலைக்கழித்துவிட்டது என்று போன வாரம் அலுத்துக்கொண்டாள். எதை எங்கே நிறுத்துவது என்று இன்னும் மனுஷர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டவன் புண்ணியத்தில் அதைச் சரியாகச் சொன்ன புரோகிராமர் சாரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை பெண்ணின் அப்பா மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஒப்படைத்தார். விருந்தில் மாப்பிள்ளை பக்கத்தில் அக்காவுக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. தேடிப் போனேன். பந்தலுக்குப் பின்னால், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"முன்னால வாங்கக்கா, போட்டோ எடுக்கறாங்க."

"நீ போய் குந்து தம்பி" என்றார். "பச்சடி பத்தாது போலகீது."