அயர்லாந்துப் பெட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஓசூர் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் அளக்கும் வேலையில் இருந்தேன். நாற்பதை நெருங்கிய வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பேன். அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கோவிலை ஒட்டிய மருந்தகத்தில் அயர்லாந்து தேசத்து சிஸ்டர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். மைசூரில் கன்னடம் கற்று, பிறகு தமிழுக்கு வந்தவர். இறந்துபோன அண்ணனின் சின்ன அக்கார்டியன் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். வலது பக்கம் பொத்தான்கள், நடுவில் துருத்தி. படியில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அவரால் துருத்தியை இழுக்க முடியவில்லை.

"ஸ்வல்ப, கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பழகுங்க. அப்புறம் எங்க ஊர்ப் பாட்டு சொல்லிக் கொடுக்கறேன்" என்று என்னிடம் கொடுத்தார்.

சைக்கிள் கேரியரில் கட்டி, கல் ரோட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தேன். ஒரு சுரம் வந்தது. விரலை எடுக்காமல் துருத்தியை மூடினேன். வேறு சுரம்! எல்லாப் பொத்தான்களும் அப்படியே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். வழியில் குலுங்கி உள்ளே ஏதோ உடைந்துவிட்டதென்று நினைத்தேன்.

"செத்துப்போன மனுசன் பொட்டிங்க அது. போய்ச் சொல்லிருங்க" என்றாள் மனைவி.

சொல்ல வாய் வரவில்லை. பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியே நழுவினேன். கடைசியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் போனேன். இழுத்தும் மூடியும் பார்த்தார்.

"மூடறப்ப பேசற ரீடு நாக்கு பூரா கெட்டுப்போச்சுங்க. அரத்துல தேச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடறேன்" என்று திருப்புளியை எடுத்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "உடையவங்களக் கேட்டுட்டு வரேங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு ஓசூர் திரும்பினேன்.

மருந்தக மேசையில் அதை வைத்து, தலை தூக்காமல், "கெட்டுப்போச்சு சிஸ்டர்" என்றேன். ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அவர் எதிரே உட்கார்ந்து வலது கையைப் பொத்தான்களில் வைத்தார்.

"நீங்க இழுங்க. நான் தலையாட்டினா மூடுங்க."

அவர் தலை ஆடிய வேகத்துக்கு இழுத்தேன், மூடினேன். கெட்டுப்போனதென்று நான் நினைத்த சுரங்கள் மாறி மாறி வந்து, தகிட தகிட என்று துள்ளும் பாட்டாகச் சேர்ந்தன.

"சிஸ்டரம்மா, ஊசிக்கு முன்னால பாட்டா?" என்றாள் மருந்துக்கு நின்ற ஒருத்தி.

சிஸ்டர் சிரித்தார். "கெடலை. இழுத்தா ஒண்ணு, மூடினா ஒண்ணு. இது பிறந்ததே அப்படி."

கிருஷ்ணகிரி விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு அதை மறுபடி என்னிடமே நீட்டினார்.

வீட்டில் விவரம் சொன்னதும் மனைவி, "ஊட்டுக்குள்ள ஒரு வாய், வெளிய போனா ஊமை. உங்களுக்கேத்த பொட்டிதான்" என்றாள். நான் இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பாட்டைத் தனியாக வாசிக்கப் பல மாதங்கள் ஆயின. இழுக்க வேண்டிய இடத்தில் மூடிவிடுவேன். தப்புச் சுரம் வரும். பயமில்லை, தப்பு என் கையில்தான் இருந்தது.