கை போச்சு என்றவர்கள்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவளுக்கு வெட்டுவதுதான் முக்கால்வாசி வேலை, மீதியை எவள் வேண்டுமானாலும் தைத்துவிடுவாள் என்பது, வருஷக்கணக்காகப் போர்வை தைத்துவந்த அவளுடைய அசைக்க முடியாத எண்ணம். அவளுக்குப் போய்க் கட்டைவிரல் மூட்டு வீங்கி, கத்தரிக்கோலைத் திறக்கவே பல்லைக் கடிக்க வேண்டியதாயிற்று.

உடனே வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். பம்பு பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதலில் கத்தரிக்கோலுக்கு ஸ்பிரிங் வைத்தார். அது தெறித்து அலமாரிக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. பிறகு காலால் மிதித்து வெட்டும் ஒரு பலகை செய்தார். அது துணியை விட்டுவிட்டுச் செருப்பை வெட்டியது. அவள் அவரை 'எஞ்சினீயர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். மனிதர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அந்த அறிவை என்னவென்று சொல்வது!

கடைசியில் அவளே கடைக்குப் போய், உருட்டி வெட்டும் சக்கரக் கத்தி ஒன்றை வாங்கி வந்தாள். விரலை மடக்கித் திறக்க வேண்டாம். உயரமான மேசையில் துணியை விரித்து, நின்றபடி தோளின் பாரத்தைக் கொடுத்தால் போதும். கொஞ்ச நாள் சொன்னபடி கேட்டது. பிறகு நடுநடுவே நூலை அறுக்காமல் விட்டது. அழுத்த அழுத்த வலி முழங்கை வரை ஏறியது.

"உன் கை போச்சுக்கா. இனிமே நானே வெட்டித் தர்றேன்" என்றாள் தங்கை. சந்தோஷத்தை மறைக்கக்கூட அவளுக்குத் துப்பில்லை. ஸ்கேலை வைத்துக்கொண்டே கோணலாக வெட்டுகிற பிறவி அது. அவளிடம் கொடுப்பதற்குத் துணியைக் குப்பையில் போடலாம். ஆனாலும் வேறு வழி தெரியாமல், வயிறெரியத் துணிகளை மூட்டை கட்டினாள்.

தங்கை வருவதாகச் சொன்ன காலையில், கயிறு தேடிப் பின்னறைக்குப் போனாள். அங்கே வீட்டுக்காரர் தடித்த அட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். கையில் அவளுடைய சக்கரக் கத்தி.

"எத்தனை நாளா இதால அட்டை வெட்டுறீங்க?"

"நீ வாங்கினதுலேர்ந்து. உனக்கு ஒரு மெஷின் பண்றேன், அதுக்கு அட்டையில ஒரு மாதிரி."

அட்டையில் ஓடிய கத்தி துணிக்கு உதவாது என்பது ஊசி பிடித்த யாருக்கும் தெரியும். இத்தனை மாதமாக இந்தக் கையையா திட்டினோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. கத்தியைப் பிடுங்கிப் போய்ப் புதுத் தகடு மாட்டினாள். திருகை இறுக்க மட்டும் விரலுக்கு வலுவில்லை. அதை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

தங்கை பையோடு வந்தபோது மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று விரலை நீவிக்கொண்டாலும், துணி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகப் பிரிந்தது.

"எதுக்குக்கா இந்தக் கஷ்டம்?" என்றாள் தங்கை.

"அதானே. என் மெஷின் மட்டும் முடியட்டும், இவ கைக்கு வேலையே இருக்காது" என்றார் அவர்.

அவள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வலிக்குதுன்னுதான் இந்தக் கை சொல்லுச்சு. வேலை வேண்டாம்னு எப்பச் சொல்லுச்சு?"

அவள் அடுத்த துணியை விரித்தாள்.