செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் எது கெட்டாலும் அலட்டிக்கொள்வதில்லை. சுவரில் பூஞ்சை பிடித்தால் சாரல், கதவு இறுகினால் சாரல், சுவிட்சைத் தொட்ட விரல் சுருக்கென்றால் அதுவும் சாரல். நானும் இந்த ஊர்க்காரன்தான். என் மனைவி மின்சாரம் தாக்கி இறந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். பெரிய காரணம் நான்.

வளைகுடாவில் எனக்குக் கட்டடப் பராமரிப்பு வேலை. குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், மின்கசிவு வந்தால் தானாக அணைய வேண்டிய பிரேக்கரைச் சோதித்துப் பார்ப்பேன். அணையாவிட்டால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். யார் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்காக அவ்வளவு அக்கறை. என் சொந்த வீட்டில் அந்தப் பிரேக்கரே கிடையாது. அடுத்த லீவில் மாட்டலாம் என்று நாலு லீவைக் கழித்திருந்தேன்.

போன லீவில் பின்முற்றத்தில் சிமெண்ட் கல் பதித்தோம். தண்ணீர் மோட்டாரிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய எர்த் கம்பியைக் காட்டி, "இது இடைஞ்சலா நிக்கி பாய், என்ன செய்ய?" என்றார் கொத்தனார். பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வெட்டிவிடுங்கள் என்றேன். முற்றம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் வளைகுடாவுக்குத் திரும்பி, இங்கே சாரல் தொடங்கியதும் மனைவி போனில் சொன்னாள்.

"மச்சான், பின்னால குழாயத் தொட்டா சுரீர்னு பிடிக்கி."

"சாரல் நேரம்லா, ஈரம் ஏறியிருக்கும். செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு."

"ஆளக் கூட்டிப் பாக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், நான் வந்து பாக்கேன்."

மோட்டாரோடு சேர்ந்த இரும்புக் குழாய் அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் மெயினை அணைக்கச் சொல்லியிருப்பேன். மனைவி சொன்னதால் தொணதொணப்பு என்று எடுத்துக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் என் சொல்லைக் கேட்டாள். துணி துவைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ரப்பர் செருப்போடுதான் நின்றாள். ஆனால் ஐந்து வேளையும் தொழுகிறவள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்க, செருப்பைக் கழற்றிவிட்டு அதே குழாயடியில்தான் உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததுதான். அன்று போனில் அது என் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில், தூறலில் நனைந்த தரையில், வெறுங்காலோடு குழாயைத் திறந்திருக்கிறாள். மோட்டாரில் கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் போக வழியில்லாமல் அவள் வழியாகப் போயிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் முதலில் பார்த்தாள். அவள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார்.

நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். தலையாட்டினேன். என் தப்பை அவன்மேல் போடுகிற மாதிரி உள்ளுக்குள் கூசியது.

ஒரு வாரம் கழித்துக் கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டினேன். புதுக் கம்பியை இறக்கி, பிரேக்கரை மாட்டி, சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று அணைந்தது. மகள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள்.

"முடிஞ்சிட்டா வாப்பா?"

"முடிஞ்சிட்டும்மா. இனி பயமில்ல."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு ரெண்டு மணி நேரம்."

அவள் உள்ளே போய்விட்டாள்.