கங்காணிக்கு ஒரு ஒப்பாரி

எழுபதுகள்ல, சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுன காலத்துல, பாட்டுக் கட்டுறவ நான்தான். கல்யாணத்துல நலுங்குப் பாட்டு, திருவிழாவுல கும்மி. ஆனா பேர் வாங்கித் தந்தது என்னவோ ஏச்சுப் பாட்டுதான். கூரை ஒழுகுனா ஒரு பாட்டு, குழாயில தண்ணி வரலைன்னா ஒரு பாட்டு. மழை புடிச்சு வேலை நின்னு, அடுப்புல உலை ஏறாத நாள்ல பாட்டாவது கட்டலைன்னா மனுசி என்னதான் செய்யுறது? எங்கள வேலை வாங்குற கங்காணியப் பத்தி மட்டும் ஏழெட்டுப் பாட்டு வச்சிருந்தேன்.

அந்த மனுசன் வாயத் திறந்தா ஊரே நாறும். விடியக்காலப் பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிடும்போதே ஆளுக்கொரு வசவு. பால் புடிக்கிற மங்குக் கிண்ணத்தத் துடைக்கலைன்னா நம்ம பரம்பரையவே இழுப்பாரு.

ஒரு நாள் அவரு பெரட்டுக்கு வரல. தூக்கத்துலயே போயிட்டாருன்னு சேதி வந்துச்சு. லயத்து வீட்டுச் சனமே திரண்டு போச்சு, ஆனா ஒரு கண்ணுல ஈரம் இல்ல. ஒப்பாரி இல்லைன்னா எங்க சனத்துக்கு அது சாவே இல்ல. பொம்பளைங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

கங்காணி பொண்டாட்டி நேரா என்கிட்ட வந்துச்சு. யார்கிட்டயும் அதிர்ந்து பேசாத அக்கா.

"தங்கச்சி, அழ ஆள் இல்லாம அனுப்பிட்டாங்கன்னு பேராயிரும்லா. அவரப் பத்தி நல்லதா ஒரு பாட்டு பாடு."

செத்தவரு முன்னால பொய் பாடுனா நாக்கு அழுகிப்போகும். கொல்லைப்பக்கம் போயி, "அந்த மனுசன் செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லுங்கடி"ன்னு விசாரிச்சேன். ஒருத்தி ரொம்ப நேரம் யோசிச்சு, "ஒரு தடவ காய்ச்சல்ல ரெண்டு நாள் வேலைக்கு வரல"ன்னா. இன்னொருத்தி, "சைக்கிளப் பளபளன்னு வச்சிருப்பாரு"ன்னா. சைக்கிள வச்சு எப்படி ஒப்பாரி வைக்கிறது? அதுக்குள்ள பாடை வேற கட்டி முடிச்சுட்டாங்க.

வேற வழியில்லாம, அவரோட வசவையே எடுத்து மாரடிச்சுப் பாடுனேன்.

"சோம்பேறிக் கழுதைன்னு
சொல்லி எழுப்புன ராசா
நாளைக்குப் பெரட்டுல
நாங்க என்ன கேப்போம் ராசா
மங்கு துடைக்காத
மூதேவின்னு ஏசுன ராசா
மூதேவி வந்திருக்கேன்
முழிச்சுப் பாரு ராசா"

சுத்தி இருந்தவளுங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டாளுங்க. தோள் குலுங்குறது, தூரத்துல இருந்து பாத்தா அசல் அழுகைதான். வாசல்ல நின்ன ஆம்பளைங்க, "பாவம், எம்புட்டுப் பாசம்"ன்னு மூக்கச் சிந்துனாங்க. அப்புறம் ஒவ்வொருத்தியும் தனக்கு விழுந்த வசவச் சொல்லிச் சொல்லிப் பாட, ஒப்பாரி களைகட்டிருச்சு.

அக்கா மட்டும் அழல. என் கையப் புடிச்சு நிறுத்துச்சு. போச்சு, சாவு வீட்டுல மானத்த வாங்கிட்டோம்னு நெனச்சேன்.

"இம்புட்டும் அவரு பேசுனதா தங்கச்சி?"

"ஆமாக்கா. மன்னிச்சுக்கங்க."

"வீட்டுல வாயே திறக்க மாட்டாரு. சோறு போடுன்னுகூட சொன்னதில்ல, தட்டத் தள்ளுவாரு. பேச வராத மனுசன்னுல்ல நெனச்சுக் குடும்பம் நடத்துனேன்."

அவரு தலமாட்டுல போயி உக்காந்துச்சு. அப்புறம் கொண்டைய அவுத்துப் போட்டு, என் மெட்டுலயே எடுத்துச்சு.

"ஊருக்கெல்லாம் அள்ளித் தந்த ராசா
எனக்கு ஒரு வசவு
மிச்சம் வைக்கலியே ராசா"

பாட்டுக்காரி நான்தான். அதுக்கு மேல எடுத்துப் பாட எனக்கு ஒரு வரி வரல. அழுகைதான் வந்துச்சு.