இறங்காத பேட்டரி

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘அலாரம் அக்கா’ என்றே அழைத்தார்கள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கிடையே செலுத்துவது அவள் வேலை. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி தொங்கும். அது திடீரென்று அலறும். அவள் கையிலிருப்பதைப் பக்கத்திலிருப்பவளிடம் தள்ளிவிட்டு, மகனுடைய பள்ளிக்குப் பேசுவாள்.

ஒன்பது வயது மகனுக்குச் சர்க்கரை நோய். அவன் கையில் ஒட்டியிருந்த வில்லை, இரத்தச் சர்க்கரையின் அளவை எப்போதும் அவன் இடுப்பில் கட்டியிருக்கும் பைக்குள் இருந்த சிறு கைபேசிக்கு அனுப்பும். அங்கிருந்து இவளுடைய செயலிக்கு வந்து சேரும். வகுப்பில் ஒலி கூடாதென்பதால் பையனுடைய கைபேசி ஊமையாகவே கிடக்கும். அளவு இறங்கினால் கூவவேண்டியது இவளுடையதுதான். கணவன் சரக்கு வண்டி ஓட்டுபவன்; பாதி நாள் சாலையிலேயே கழியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் ஒருத்தியின் பொறுப்பாயிற்று.

பழைய கைபேசியோ மதியத்துக்குள் மூச்சை விட்டுவிடத் தொடங்கியது. ஈரமும் நீராவியும் நிறைந்த கூடத்தில் சார்ஜர் செருகத் தடை. புதியது வாங்கக் கொழுந்தனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

“அண்ணி, இந்தக் கேமராவைப் பாருங்க! நிலாவுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியுமாம்.”

“நிலாவுல எனக்கு என்னப்பா ஜோலி? எம்புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கான். இந்த ஆப் இதுல ஓடுமா, பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்குமா, அதை மட்டும் கேளு.”

கடைக்காரர் அங்கேயே செயலியை இறக்கிக் காட்டினார். எண் வந்தது, ஒலியும் வந்தது. அத்துடன் அவள் எழுந்து வந்திருக்கலாம்.

“பேட்டரி சட்டுனு இறங்கக் கூடாதுங்க. தேவையில்லாம ஓடுற எல்லாத்தையும் நிறுத்திடுங்க” என்று கேட்டது அவளேதான்.

“நீங்க தொடாத ஆப்பையெல்லாம் போனே தூங்க வச்சுடும்மா. கவலையை விடுங்க” என்று அவர் எதையோ தட்டினார். எவையெவை தூங்கும் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று வீட்டில் ஆசை தீராமல் அவளே அடிக்கடி திறந்து பார்த்ததால் செயலி விழித்தே இருந்தது.

மறுநாள் மகனைப் பள்ளி வாசலில் விட்டு, எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்து, கைபேசியை உறைக்குள் போட்டாள். பிறகு விரிப்புகள் வந்துகொண்டேயிருந்தன. கைபேசி ஒருமுறைகூட அலறவில்லை. பிள்ளைக்கு இன்று நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளை நெருங்கியபோது, எதிரே விரிப்புகளை வாங்கி மடிப்பவள் எட்டிப் பார்த்தாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

“புதுசா? எங்க காட்டுங்க. அட, மத்தியானம் ஆகப்போகுது, பேட்டரி இன்னும் நூறுகிட்டவே நிக்குது! என்னக்கா, இது வேலை பாக்குதா, இல்ல நம்ம மேஸ்திரி மாதிரி உக்காந்து தூங்குதா?”

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பழைய கைபேசி இந்நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் மகனைக் கேட்டுக்கொண்டிருந்த செயலி அதன் உயிரைக் குடித்தது. இதன் உயிரை யாருமே குடிக்கவில்லை.

உறையைப் பிய்த்துச் செயலியைத் திறந்தாள். கடைசி எண் பள்ளி வாசலில் பார்த்த அதே எண். ஒரு வட்டம் சுழன்றது. பிறகு சிவப்பில் ஐம்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே போகவே கூடாதது. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. கைபேசி அலறியது.

அவள் விட்ட விரிப்பு கோணலாக உருளைக்குள் போய்ச் சிக்கியது. “யாரது? மெஷினை நிறுத்து!” என்று மேஸ்திரி கத்தினார். அவள் காதில் விழவில்லை. பள்ளியின் எண் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே பதில். மூன்றாம் முறை அலுவலகப் பெண்மணி எடுத்தார்.

“உங்க பையனோட வகுப்பு மைதானத்துல விளையாடுதும்மா.”

“ஓடுங்கம்மா! சர்க்கரை இறங்குது. போனை வைக்காதீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க!”

செருப்புச் சத்தம் கேட்டது. படிகள். ஒரு விசில். பிள்ளைகளின் கூச்சல். பின்பு ஓர் ஆணின் குரல்: “அவனா? களைப்பா இருக்குன்னு சுவரோரமா உக்காந்துட்டான்.”

“குளுக்கோஸ் குடுங்க சார்! இடுப்புப் பையில முன்பக்கம் இருக்கு. முழுங்குறானான்னு பாருங்க!”

ஜிப் திறக்கும் சத்தம். உருளைகள் நின்றுவிட்டிருந்ததால் கூடம் முழுவதும் அவள் மூச்சு கேட்டது.

“முழுங்குறான்மா. கண்ணைத் திறந்து பாக்குறான்.”

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஐம்பது. ஐம்பத்தொன்று. அம்புக்குறி மெல்லப் படுத்தது.

“அம்மா,” குழறிய சிறுகுரல். “என்னை ஏன் மறுபடி ஆட விடமாட்டேங்குறாங்க?”

“நாந்தான்டா வேண்டாம்னேன். பேசாம உக்காரு, ராசா. அம்மா வரேன்.”

ரேடியோ அவள் கைப்பையை எடுத்துவந்து நீட்டினாள். வாயிலை நோக்கி நடந்தபடியே அவள் கைபேசியின் அமைப்புகளைத் துழாவினாள். அந்தச் செயலியின் பெயரைக் கண்டுபிடித்தாள். ‘இது எந்நேரமும் இயங்கினால் பேட்டரி விரைவில் தீரும். அனுமதிக்கவா?’ என்று திரை கேட்டது. அழுத்தினாள். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. விரலைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினாள்.